எல்லாமே வாயுதானா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம் என்று வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உண்மைக் காரணம் அது இல்லை. இடது பக்க விலாவில் ஒரு வலி. நாலு மாதம் என்னோடு குடித்தனம் நடத்தியது, வாடகை கூடக் கொடுக்காமல். :-)

இது வெறும் சொந்தக் கதை சோகக் கதை இல்லை. ஊரை விட்டு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, அண்ணன் தம்பி மாமா சித்தப்பா யாரும் பக்கத்தில் இல்லாமல், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கும் நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன டிசம்பரில் ஆரம்பித்தது. கொல்கத்தா குளிர் தெரியும்தானே? பதினைந்து டிகிரிக்கே ஊர் முழுக்கக் குரங்குக் குல்லாய் போட்டுக்கொள்ளும். நாம் சிரிப்போம். ஆனால் குளிரைவிடப் புகைதான் மோசம். காலையில் பனியோடு சேர்ந்து அது தரையோடு தரையாகக் கிடக்கும். எனக்கு மூன்று வாரம் விடாமல் இருமல். இருமல் போனது, வலி தங்கிவிட்டது. நடுவில் லேக் மார்க்கெட் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டையை, லிஃப்ட் ரிப்பேர் என்பதால், மூன்று மாடி தோளில் தூக்கிக்கொண்டு ஏறிய வீரதீரச் செயலும் ஒன்று உண்டு.

நெஞ்சின் இடது பக்கம், நடு எலும்பை ஒட்டி, ஒரு இடம். மூச்சை இழுத்துவிட்டால் சுருக் என்கும். படுக்கையில் திரும்பினால் குத்தும். தும்மினால் உயிர் போகும். சில நாள் ஒன்றுமே இருக்காது. சரி, போய்விட்டது என்று நினைத்தால் மறுநாள் காலை பல் தேய்க்கும்போது வந்து ஆஜர் சொல்லும்.

நான் என்ன செய்தேன்? நம்மூர் ஆள் என்ன செய்வானோ அதைத்தான். "வாயுப் பிடிப்பு" என்று நானே தீர்ப்பு எழுதினேன். பெருங்காயம், சுக்கு, ஓமத் திராவகம். மூன்றாவது மாடி தாதாவிடம் சொன்னபோது அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆரே தாதா, கேஸ்! கேஸ் ஹொயேச்சே!" என்றார். சொன்னதோடு விடாமல் வீட்டுக்குள் போய் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். ஜொவானேர் ஆரோக். திறந்து முகர்ந்தால் நம்ம ஓமத் திராவகம்! அடப்பாவிகளா, மீனும் சாம்பாரும் சேராத இடத்தில் ஓமத்தில் சேர்ந்துவிட்டோமே என்று சிரித்துக்கொண்டேன்.

வங்காளிகளோடு பழகியவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தலைவலி வந்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ், மோகன் பகான் தோற்றாலும் கேஸ். பை நிறைய அமில மாத்திரை இல்லாமல் பூரி ரயில் ஏற மாட்டார்கள். நாம் மட்டும் என்ன ஒழுங்கா? முழங்கால் வலித்தால் வாயு, தோள் வலித்தால் வாயு, உருளைக்கிழங்கு தின்றதால் வாயு. பெயர்தான் வேறு, வியாதி ஒன்று. உடம்பில் ஏற்பட்ட வியாதியைச் சொல்லவில்லை, பேச்சில் ஏற்பட்டதைச் சொல்கிறேன்.

ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஜனவரியில் ஒரு ராத்திரி, மணி ரெண்டு இருக்கும், வலி வழக்கத்தைவிடக் கூடுதல். எழுந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் வியர்வை. சமையலறைக்குப் போய் அந்த ஓம பாட்டிலை எடுத்தேன். விளக்கு எரிந்தது. பின்னால் தங்கமணி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, உங்கப்பாவுக்கும் அன்னிக்கு இதைத்தானே குடுத்தாங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டேன்.

அப்பா கதையை இங்கே இதுவரை எழுதியதில்லை. 1994 மார்கழி. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கு, வாயு போல" என்றார். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாமா வந்து முதுகை நீவிவிட்டார். ஏப்பம் வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. காலையில் டாக்டரைப் பார்க்கலாம் என்று படுத்தார். காலை அவருக்கு வரவில்லை. அம்பத்து நாலு வயது.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு எல்லோரும் அன்போடுதான் செய்தார்கள். தெரிந்ததைச் செய்தார்கள். ஆனால் "வாயு" என்ற அந்த ஒரு வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால், யாராவது ஒருவர் வண்டி பிடிக்கப் போயிருப்பார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும். அந்த வார்த்தை மருந்து போல வேலை செய்தது. வலிக்கு இல்லை, பயத்துக்கு. பயம் அடங்கியதும் எல்லோரும் தூங்கப் போய்விட்டோம்.

என் கருத்து இதுதான்: நெஞ்சு வலிக்கும்போது "வாயு" என்பதோ "கேஸ்" என்பதோ வியாதியின் பெயர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க நாம் நமக்கே எழுதிக்கொள்ளும் லீவ் லெட்டர். அதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், முதலில் சொல்லக் கூடாது.

கொல்கத்தாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க இரண்டு உதாரணங்கள் போதும். இரண்டும் ஊரறிந்தவை.

நான் காலையில் நடக்கப் போவது ரவீந்திர சரோபர் ஏரிக்கரை. அங்கேதான் நஸ்ருல் மஞ்ச் அரங்கம் இருக்கிறது. 2022 மே 31 அன்று ஒரு கல்லூரி விழாவுக்காக அந்த மேடையில் பாடினார் கேகே. நம் 'காக்க காக்க', 'கில்லி' படங்களில் பாடிய அதே கேகே. நிகழ்ச்சி முடிந்து ஓட்டலுக்குப் போனவர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. வயது 53. பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது தெரிந்ததாகச் செய்தி வந்தது. அதற்கு முன்பே கையும் தோளும் வலிக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தார், அமிலத்துக்கான மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்தார் என்றும் அப்போது பத்திரிகைகளில் வந்தது. அன்றைக்கு அரங்கத்தில் கூட்டம், புழுக்கம், ஏசி என்று ஊரெல்லாம் பேசியது. எனக்கு அந்த மாத்திரைச் செய்திதான் மனசில் நின்றது.

அடுத்தது சௌரவ் கங்குலி. 2021 ஜனவரி 2. பெஹாலா வீட்டில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நெஞ்சில் அசௌகரியம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனார். லேசான மாரடைப்பு, மூன்று குழாய்களில் அடைப்பு என்று கண்டுபிடித்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதே மாதக் கடைசியில் மறுபடி அசௌகரியம். மறுபடி போனார். இன்னும் இரண்டு ஸ்டென்ட். அப்போது அவருக்கு 48 வயது. வாழ்க்கை முழுக்க விளையாட்டு. கையில் கிடைத்தது ஜாதகம் இல்லை, நேரம். அவர் அன்றைக்கு "ஏதோ கேஸ்" என்று சொல்லி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

"அவங்க எல்லாம் ஐம்பதுக்குப் பக்கம், எனக்கு இன்னும் வயசு இருக்கு" என்று சொல்லாதீர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டுக்காரர்களுக்கு 58.8. நமக்குக் கிட்டத்தட்ட ஆறு வருஷம் முன்னாடியே வருகிறது. சராசரி 53 என்றால் நாற்பதிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். சர்க்கரை, புகை, ரத்தக் கொதிப்பு, குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு என்று ஏதாவது இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. நான் அந்தக் கடைசி வகை.

சரி, என் கதைக்கு வருவோம். ராத்திரி ரெண்டரைக்கு எமர்ஜென்சி. உள்ளே போன சில நிமிடங்களில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அது நார்மல். ஆனாலும் விடவில்லை. டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. சில மணி நேரம் கழித்து அதையே இன்னொரு தடவை. ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். இதயத் தசை அடிபட்டால் இந்தப் பொருள் ரத்தத்தில் ஏற நேரம் ஆகும், ஒரு ஈசிஜியும் ஒரு ரத்தப் பரிசோதனையும் மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்றார் அந்தச் சின்ன வயது டாக்டர். இதை எல்லோரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். "ஈசிஜி எடுத்தேன், நார்மல்" என்பது முழு பதில் இல்லை.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னைத் திணறடித்தது. "சின்சின் கொர்ச்சே? நா டொன்டொன் கொர்ச்சே? நா சாப்?" நான் முழித்தேன். பத்து வருஷமாய் இங்கே இருக்கிறேன், மீன் விலையைத் தவிர எல்லாவற்றையும் வங்காளத்தில் பேசுவேன் என்ற கர்வம் எனக்கு. வலியைப் பேச வரவில்லை. அப்புறம் பக்கத்து பெட் பெரியவர் உதவி செய்தார். சின்சின் என்றால் சுருக் சுருக் என்று கம்பி இழுப்பது போல. டொன்டொன் என்றால் கடுப்பு. தொப்தொப் என்றால் நம்ம விண்விண். சாப் என்றால் அழுத்தம், பாறாங்கல் வைத்த மாதிரி. டாக்டருக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம்.

நம் தமிழில் மட்டும் குறைச்சலா? குத்துகிறது, கடுக்கிறது, எரிகிறது, அழுத்துகிறது, அடைக்கிறது, இழுக்கிறது, பிடிக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தைக் காட்டுகிற வார்த்தை. அப்பா "அடைக்கிற மாதிரி" என்றார். இதயம் பேசும் மொழி பெரும்பாலும் அதுதான். நாங்கள்தான் அதை வாயு என்று மொழிபெயர்த்தோம்.

விடிந்ததும் எக்கோ. இரண்டு நாள் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரி. "உங்களுக்கு ஒண்ணும் இல்லை சார்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாயசம்.

ஆனால் வலி போகவில்லையே!

இங்கே கதையின் இரண்டாம் பாகம். முதல் தப்பு அலட்சியம் என்றால், இரண்டாவது தப்பு அதற்கு நேர் எதிர். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், வலி இருக்கிறது. அப்படியானால் அவர்கள் எதையோ தவறவிட்டுவிட்டார்கள். ராத்திரி எல்லாம் மொபைலில் தேடினேன். பன்னிரண்டு மணிக்குச் சாதாரணத் தசைப்பிடிப்பில் ஆரம்பித்தால் ஒரு மணிக்கு எலும்புப் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். இன்னொரு இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் என் பழைய ரிப்போர்ட்டை மூன்று நிமிடம் புரட்டினார். என் நெஞ்சைத் தொடவே இல்லை. "நாளைக்கே ஆஞ்சியோ பண்ணிடலாம், பேக்கேஜ் இருக்கு" என்றார். பேக்கேஜ்! பூரி ஜகந்நாதர் தரிசனத்துக்குச் சொல்வது மாதிரி.

நல்ல வேளை, தங்கமணி அங்கேயும் பிரேக் போட்டாள். ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி, பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயசான டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைக் கடைசியில் பார்க்கிறேன் என்று ஓரமாய் வைத்தார். "எங்கே வலிக்கிறது, காட்டு" என்றார். நான் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். "இதயக்காரன் விரலால் காட்ட மாட்டான். உள்ளங்கையை வைப்பான், இல்லை என்றால் முஷ்டியை வைப்பான்" என்றார். அப்புறம் நெஞ்சு நடு எலும்பின் ஓரமாய் ஒவ்வொரு விலாவாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது, நாலாவது விலா. "ஐயோ" என்று கத்தினேன். பச்சைத் தமிழில். :-)

"இதுதான்" என்றார்.

அதற்குப் பெயர் காஸ்டோகாண்ட்ரைடிஸ். பயப்படாதீர்கள், பெயர்தான் பெரிசு. நமக்குப் பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகள். மேலே உள்ள ஏழு ஜோடி முன்பக்கம் நடு நெஞ்செலும்போடு நேரடியாகச் சேர்கின்றன. சேரும் இடத்தில் எலும்பு இல்லை, குருத்தெலும்பு. நாம் மூச்சுவிடும் ஒவ்வொரு தடவையும் அந்த இணைப்பு அசைகிறது. கதவுக் கீல் மாதிரி. வாரக்கணக்கில் இருமினாலோ, பழக்கமில்லாத பாரத்தைத் தூக்கினாலோ அந்தக் கீல் நொந்துபோகும். பல சமயம் காரணமே தெரியாமலும் வரும். கைக்குக் கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கலாம். மூச்சுக்கு ஓய்வு கொடுக்க முடியுமா? அதனால்தான் ஆறுவதற்கு வாரங்கள், சில பேருக்கு மாதங்கள் ஆகின்றன. நீடிக்கிறது என்பதாலேயே அது ஆபத்தானது என்று அர்த்தமில்லை.

அந்த இடத்தில் வீக்கமும் சேர்ந்து இருந்தால் அதற்கு வேறு பெயர். டீட்ஸே என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1921-ல் எழுதியதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கீழ் விலாக்கள், எட்டு முதல் பத்து வரை, நெஞ்செலும்பைத் தொடாமல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு தொங்குபவை. அந்தப் பிடி தளர்ந்தால் விலா நழுவி நரம்பைச் சீண்டும். குனிந்து நிமிரும்போது கிளிக் என்று ஒரு சத்தம் கூடக் கேட்கும். வயிற்றுவலி என்று வருஷக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். மனுஷன் பொறுமையாகச் சொன்னார். அப்புறம் நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

விலாவின் ஒரே பக்கம், பட்டை போட்ட மாதிரி எரிச்சலும் வலியும், சட்டை பட்டாலே தாங்காது என்றால் அக்கியாக இருக்கலாம். கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்னாடியே வலி வந்துவிடும். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பிப்பது நல்லது. காவி பூசிக்கொண்டு வீட்டிலேயே உட்கார வேண்டாம்.

மூச்சை இழுத்தால் குத்து, கூடவே காய்ச்சல், சளி என்றால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவது என்றால் காசநோய்ப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். "நம்ம குடும்பத்திலா?" என்று கௌரவம் பார்க்காதீர்கள். அந்தக் கிருமி ஜாதகம் பார்த்து வருவதில்லை.

நீண்ட பயணத்துக்குப் பிறகோ, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பிறகோ திடீரென்று நெஞ்சுக்குத்தும் மூச்சுத்திணறலும், ஒரு கால் மட்டும் வீக்கமும் இருந்தால், காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். இது உடனே ஓட வேண்டிய விஷயம்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலது தோள்பட்டைக்கு ஏறினால் பித்தப்பைக் கல். கங்கைச் சமவெளியில் பித்தப்பை வியாதிகள் தெற்கைவிட அதிகம், அதனால் இந்த ஊர் டாக்டர்களுக்கு இதில் கண் அதிகம். படுத்தால் எரிச்சல், புளித்த ஏப்பம், தொண்டை வரை வருவது என்றால் அமிலம். ஆமாம், வாயுக் கட்சிக்காரர்களும் சில சமயம் ஜெயிப்பார்கள். இல்லை என்று சொல்லவில்லை!

தொட்டால் பல இடத்தில் எலும்பே வலிக்கிறது என்றால் வைட்டமின் டி குறைவைப் பார்க்கலாம். அடுக்குமாடி வீடு, ஏசி ஆபீஸ், கார் என்று வெயிலே படாத நம் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் இது சாதாரணம். கடும் இருமலில் விலா எலும்பு கீறல் விடுவதும் உண்டு. கடைசியாக, ராத்திரி படுத்தாலும் அசையாமல் இருந்தாலும் விடாத, நாளுக்கு நாள் கூடுகிற வலி, எடை குறைவு, ரத்தம் கலந்த சளி. இவை இருந்தால் தள்ளிப்போடாமல் முழுப் பரிசோதனை செய்துவிட வேண்டும். புற்று என்ற வார்த்தையைச் சொல்லவே பயப்படுகிறோம். பயந்தால் அது போய்விடாது.

மனசும் ஒரு காரணம். பதற்றத்தில் நெஞ்சு படபடத்து வலிப்பது நிஜமான வலி, நடிப்பு இல்லை. ஆனால் முதலிலேயே "டென்ஷன்தான்" என்று சொல்வதும் "கேஸ்தான்" என்று சொல்வதும் ஒரே தப்பு. பெண்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. வீட்டில் அம்மாவோ மனைவியோ மூச்சு வாங்குகிறது, தாடை கடுக்கிறது, முதுகு வலிக்கிறது, என்னமோ அசதி என்று சொன்னால் அதுவே மாரடைப்பின் முகமாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் கூட வரும். இதெல்லாம் "வழக்கமில்லாத அறிகுறி" என்று ஒதுக்கப்பட்டு வந்தன. அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள் என்று அமெரிக்க இதய மருத்துவர் சங்கங்கள் 2021-ல் வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டி சொல்லிவிட்டது. இதயத்தால் வந்தது, இதயத்தால் இருக்கலாம், இதயத்தால் இல்லை. மூன்றே வகை. தெளிவு.

ஆக, என் வாதம் ரொம்ப எளிமை. வரிசை முக்கியம். முதலில் உயிரைப் பறிக்கக் கூடியதைத் தேட வேண்டும். அது இல்லை என்று தெரிந்த பிறகு, உயிரைப் பறிக்காமல் நிம்மதியை மட்டும் பறிப்பதைத் தேட வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். புது வலியை வாயு என்று தள்ளுகிறோம். பழகிப்போன வலியைப் பார்த்துப் பயந்து நடுங்குகிறோம்.

டாக்டர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. "உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்பது பதில் இல்லை. "உங்கள் இதயத்துக்கு ஒன்றும் இல்லை" என்பதுதான் பதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷனின் இரண்டு மாதத் தூக்கம் இருக்கிறது. நெஞ்சுவலி என்று சாதாரண டாக்டரிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதயம் காரணமே இல்லை, எலும்பும் தசையும்தான் அதிகம். அப்படியிருக்க ஒரு விரலால் விலாவை அழுத்திப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? அதற்குப் பேக்கேஜ் கூட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விலாவை அழுத்தினால் வலிக்கிறது, அதனால் இதயம் இல்லை என்று நீங்களே வீட்டில் முடிவு செய்யாதீர்கள். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். அந்தப் பெரியவர் விரலால் அழுத்தினாலும், கடைசியில் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்த பிறகுதான் மருந்து எழுதினார். எழுதியது என்ன? சில நாளுக்கு வலி மாத்திரை, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. வெந்நீர் ஒத்தடம். தோளையும் நெஞ்சையும் விரிக்கும் எளிய பயிற்சி. பாரம் தூக்கக் கூடாது. லேப்டாப்பின் மேல் கவிழ்ந்து உட்காரக் கூடாது.

இப்போது வெளியூர்க்காரர்களான நமக்கு மட்டும் சில வார்த்தை.

இங்கே நான் தமிழ்நாடு என்று சொன்னதும் வங்காளிகள் கேட்கும் முதல் கேள்வி "வேலூர்?" என்பதுதான். நூறு வருஷத்துக்கும் மேலான அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே கோயில் பெயர் மாதிரி. ஹவுராவிலிருந்து காட்பாடி போகும் ரயிலில் ஏறிப் பாருங்கள், பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும். அவர்கள் நம் ஊருக்கு ஓடுகிறார்கள். நாமோ இங்கே நெஞ்சு வலித்தால் "ஊருக்குப் போகும்போது நம்ம டாக்டரிடம் காட்டிக்கலாம், நம்ம பாஷையில் சொல்லலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். மாதக்கணக்கில் இருக்கிற வலிக்கு, இதயம் பார்த்து முடித்த பிறகு, அது சரி. திடீரென்று வந்த அழுத்தத்துக்கு அந்த இருபத்தேழு மணி நேரம் கிடையாது. மாரடைப்பில் கணக்கு மணியில் இல்லை, நிமிடத்தில்.

இதய ஆஸ்பத்திரிகளுக்குக் கொல்கத்தாவில் பஞ்சம் இல்லை. நகரத்தின் நடுவில் அரசு எஸ்எஸ்கேஎம் இருக்கிறது, இந்த ஊர்க்காரர்கள் பிஜி என்பார்கள். பைபாஸ் பக்கம் போனால் வரிசையாகத் தனியார். உங்கள் வீட்டிலிருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு எது பக்கம், எங்கே இருபத்து நாலு மணி நேரமும் ஆஞ்சியோ வசதி இருக்கிறது என்பதை இன்றைக்கே கேட்டு வையுங்கள். அவர்களின் ஆம்புலன்ஸ் நம்பரை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் 108 மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் எல்லோருடைய மாத்திரைப் பட்டியல், பழைய ஈசிஜி, இன்ஷூரன்ஸ் கார்டு ஒரே கவரில் இருக்கட்டும். பழைய ஈசிஜி கையில் இருந்தால் புதியதில் என்ன மாறியிருக்கிறது என்று டாக்டருக்கு உடனே தெரியும். அந்த ராத்திரி என்னிடம் அது இல்லை.

வலிக்கு நாலு வங்காள வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். புகே ப்யதா என்றால் நெஞ்சுவலி. சாப் என்றால் அழுத்தம். இந்த ஊரில் மாமியார் வந்து தங்கினால் அவருக்கும் கற்றுக்கொடுங்கள். ரசகுல்லாவுக்கு முன்னால்.

பெரியவர்கள் ஊரில் தனியாக இருப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று சும்மா இருக்காமல், பக்கத்தில் உள்ள நிலையத்துக்கு முதலில் போகச் சொல்லுங்கள். 1994-ல் எங்கள் கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஒன்று இருந்தது. அன்றைக்கு அங்கே என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது எனக்கு வலி தொண்ணூறு சதவீதம் போய்விட்டது. குளிர்காலத்தில் எட்டிப் பார்க்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பொன்னி அரிசி ஐந்து கிலோ பையாக வருகிறது. ஓமத் திராவகம் அலமாரியில்தான் இருக்கிறது, தூக்கிப் போடவில்லை. ஏப்பத்துக்கு அது நல்ல மருந்து. ஏப்பத்துக்கு மட்டும்.

போன வாரம் அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை நாள் மறைத்துவைத்திருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வெறும் எலும்பு வலிதானேடா, அதுக்கா அர்த்த ராத்திரியில ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?" என்றாள். ஆமாம்மா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"போனதே நல்லதுப்பா" என்றாள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் தட்டுகிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் தனக்குத் தானே வைத்தியம் பார்க்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் இந்தப் பதிவைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். வந்து மீதியைப் படித்துக்கொள்ளலாம்.